மாமனார் வீட்டுப் புறாக்கள்

சபாபதி கிள்ளானில் இருபத்திரண்டு வருடமாக வீட்டோடு மாப்பிள்ளை. காஜாங்கிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது ஒரு பெட்டித் துணியும் ஆறு புறாக்களும். துணி கிழிந்துவிட்டது. புறா நாற்பதாகிவிட்டது.

பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மாமனார் போனபின் வீடு மனைவி அமுதவள்ளியின் பெயருக்கு வந்தது. சோபா எங்கே இருக்க வேண்டும், சபாபதி அதில் எந்த ஓரத்தில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவள் முடிவு. பின்பக்கத்துப் புறாக்கூண்டு மட்டும் அவருடையது. அதில் டத்தோ என்றொரு பந்தயப் புறா. இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் காலையில் விட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன் வீட்டில் இருக்கும். அரசர் கொடுக்கும் அந்தப் பட்டத்தை வாங்கிய மனிதர்கள் யாரும் அவ்வளவு நேரத்தோடு வந்து சபாபதி பார்த்ததில்லை.

குடியிருப்பாளர் சங்கத்தின் தீபாவளி விருந்து முடிந்த மறுநாள், பதினான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு. சங்கத் தலைவர் கந்தையா, ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி, மூன்று நாள் கழிவறையிலிருந்தே நிர்வாகம் செய்தார். வெளியே வந்ததும் தீர்ப்பு சொன்னார்: எல்லாம் புறா எச்சம். அதே வாரம் டத்தோவின் இறக்கை மூட்டு வீங்கித் தொங்கியது. சாட்சியும் சேர்ந்துகொண்டது.

"பதினாலு பேருங்க! என் மூஞ்சிய எங்க கொண்டு போய் வைக்கிறது?" என்றாள் அமுதவள்ளி. "சனிக்கிழமை சங்கக் கூட்டத்துல புறா போவணும்னு சொன்னா, போவணும்லா. சொல்லிட்டேன்."

கந்தையாவின் மகள் வசுந்தராவுக்குக் கால்நடை ஆய்வுக்கூடத்தில் வேலை. சோதித்துப் பார்க்க எச்சம் கேட்டாள். சபாபதி மைலோ டின் நிறையக் கொண்டுபோனார்.

"ஒரு ஸ்பூன் போதும் அங்கிள்."

கந்தையா தன் பங்குக்கு, விருந்திலிருந்து கட்டிக்கொண்டு போய் ஐஸ்பெட்டியில் போட்டிருந்த நான்கு முட்டை சாண்ட்விச்சுகளைக் கொடுத்தார். முப்பத்தாறு வருட அரசாங்க வேலையில் எதையும் தூக்கியெறிந்து பழகாதவர்.

ஆய்வறிக்கையின் முதல் பக்கம் வந்தது. புறாவில் சால்மொனெல்லா கிருமி. நோயாளிகளிடமும் சால்மொனெல்லா.

"எழுத்துல இருக்கு சபாபதி, எழுத்துல!" என்றார் கந்தையா.

இரண்டாவது பக்கம் வெள்ளிக்கிழமை வந்தது. வசுந்தரா அதைச் சபாபதியின் கையில் கொடுத்தாள்.

"பேருதான் ஒண்ணு அங்கிள், ஆளு வேற. உங்க புறாவுல இருக்கறது தலைமுறை தலைமுறையா புறாவுக்குள்ளயே பழகினது. மத்த எடத்துல பொழைக்க வேண்டிய மரபணு பலது அதுக்குக் கெட்டுப்போச்சு. புறாவப் படுக்க வைக்கும், மனுஷனுக்கு ரொம்ப அபூர்வம். ஆனா கூண்டு கழுவினா கையச் சோப்பு போட்டுக் கழுவுங்க."

"அதாவது, மாமனார் வீட்டுலயே உக்காந்து வெளிய பொழைக்கத் தெரியாமப் போனவன்?"

"ம்ம்... அப்படியும் சொல்லலாம்."

"எனக்கு இதுக்கு மேல வெளக்கவே வேணாம்மா. அப்ப எங்காளுங்க வயித்துல போனது?"

"அது ஊர்சுத்தி. கோழி, எலி, மனுஷன், எங்க வேணா தங்கும். முட்டைக்குள்ளயே வரும். சாண்ட்விச்சுலயும் அதே டைப்தான்."

சபாபதி தாளை நான்காக மடித்தார். சாண்ட்விச் அமுதவள்ளி செய்தது. கடை மயோனிஸ் மட்டம் என்று பச்சை முட்டையை அடித்து அவளே செய்த மயோனிஸ்.

சனிக்கிழமை அந்தத் தாள் அவர் சட்டைப்பையில் மடித்து இருந்தது. புறாக்களை அகற்றும் தீர்மானத்தைக் கந்தையா வாசித்தார். "ஆட்சேபம் உண்டா?"

சபாபதியின் கை சட்டைப்பை வரை போனது. முன்வரிசையில் அமுதவள்ளி புதுப் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கை காலியாகத் திரும்பி வந்து மடியில் விழுந்தது.

அமுதவள்ளி எழுந்தாள்.

"காலையில சட்டை அயர்ன் பண்ணப்பவே படிச்சிட்டேன். எடுக்கறாரான்னு பாத்தேன், எடுக்கல. குடுங்க அத."

அவள் வாங்கி நீட்டிய இரண்டாம் பக்கத்தைக் கந்தையா சத்தமாக வாசித்தார். முட்டை சாண்ட்விச் வந்ததும் குரல் இறங்கியது. "இதை... யார் செய்தது?"

"நான்தான். ஏழு சாப்பிட்டீங்களே அங்கிள், அப்ப கேக்கலயே?"

மண்டபம் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. புறாக்கள் தங்கின. நோயுற்றவற்றைத் தனியே வைத்து மருந்து கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. இனிக் கடை மயோனிஸ் மட்டும் என்று இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது; முன்மொழிந்தது அமுதவள்ளி.

டத்தோவின் இறக்கை கோணலாகவே ஆறியது. இனி ஈப்போவும் இல்லை, பந்தயமும் இல்லை. கூண்டுக்குள்ளேயே நடந்து திரிந்து வேளாவேளைக்குத் தின்கிறது. தீனி போடுவது இப்போது அமுதவள்ளி.

"இந்த வீட்டுக்கு ரெண்டாவது மாப்பிள்ளை," என்பாள், போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே.