ஆழ்வாப்பிள்ளையின் அவிச்சல்

"உள்ளுக்கை ஒரே அவிச்சல். மனிசன் படுக்கேலுமே?"

வல்வெட்டித்துறையில் ஆழ்வாப்பிள்ளையின் மீன்பிடிச் சாமான் கடைக்குத் தூண்டிலுக்குத் தங்கூசி நூல் வாங்கப் போனவர்கள், கயிறு வாங்கப் போனவர்கள், ஒன்றும் வாங்காமல் பேப்பர் பார்க்க மட்டும் போனவர்கள் எல்லோருக்கும் இந்த வசனம் பாடம். முதலில் ஆழ்வாப்பிள்ளை தோளில் கிடக்கும் துவாயை எடுத்துக் கழுத்தைத் துடைப்பார். பிறகு கூரையை ஒரு பார்வை. 'உள்ளுக்கை' என்பதைக் கொஞ்சம் இழுத்து, 'அவிச்சல்' என்பதில் நெஞ்சுக்குள் இருக்கிற மூச்சு முழுவதையும் வெளியே விடுவார். ஊர்ப் பெடியள் இதை அப்படியே செய்து காட்டுவார்கள். துவாய் இல்லாதவன் பள்ளிக்கூடக் கொப்பியால் கழுத்தைத் துடைப்பான்.

சித்திரை வெக்கையில் சொன்னால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? இவர் மார்கழியிலும் சொன்னார். வாடைக்காற்று கடலைப் புரட்டி எடுக்கிறது, தொழிலுக்குப் போகாமல் வள்ளங்கள் கரையில் கிடக்கின்றன, கடைக்குத் தினமும் வருகிற தம்பிராசா காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறான், அப்போதும் இவர் துவாயை எடுக்கிறார். அவருடைய வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு றோட்டும் இரண்டு வளவும்தான். படுக்கிற அறைக்கு வடக்கே ஒரு யன்னல், கிழக்கே ஒரு யன்னல்.

"அண்ணை, எங்கடை வீட்டுப் பூனையே அடுப்புக்கை கிடக்குது. உங்கடை அறைக்கை மட்டும் ஆர் நெருப்பு மூட்டினது?" என்றான் தம்பிராசா.

"நீ வந்து ஒருநாள் படுத்துப் பார்."

"உங்கடை வீட்டு அக்கா விட்டாத்தானே."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆழ்வாப்பிள்ளையும் சிரித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் சிரித்தார். பிறகு நூல்கட்டை ஒன்றைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

ஏனென்றால் அந்த அறைக்குள் அவிச்சல் இருந்ததே இல்லை.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. சீனி வருத்தம் வந்து பதினொரு வருடம். நெஞ்சு இறுக்கினால் நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசைப் போத்தல் ஒன்று எப்போதும் சேட்டுப் பையில் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் உடம்பு சொன்ன சொல் கேட்காமல் போயிற்று. "கடையிலை இண்டைக்கு அலைச்சல்," என்று மனைவிக்குச் சொன்னார். அடுத்த முறை, மத்தியானம் சாப்பிட்ட கணவாயில் பழியைப் போட்டார். மூன்றாவது முறை பழி போட ஒன்றும் அகப்படவில்லை. சாக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிட்டார். போகும்போது வாசலில் நின்று முதல் தடவையாக அந்த வசனத்தைச் சொன்னார்.

மனைவி உதயகலா ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்து அப்போது ஆறு மாதம். கட்டில் வெளியே போன நாளையும் அந்த ஆறு மாதத்தையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அதை அவர் யோசிக்கவே இல்லை. தன்னுடைய வெட்கமே அவருக்குத் தலைக்கு மேல் இருந்தது.

ஒரு பொய்யை ஊருக்குச் சொல்லலாம். கனடாவுக்குச் சொன்னால் அது பார்சலாகத் திரும்பி வரும். மகன் பிரணவன் வட்ஸ்அப்பில் கதைக்கும்போதெல்லாம் பின்னால் விறாந்தையும் சாக்குக் கட்டிலும் தெரிந்தன.

"அப்பா, ஏன் இன்னும் வெளியிலை படுக்கிறியள்?"

"உள்ளுக்கை ஒரே அவிச்சல் தம்பி."

"சொல்லுறதில்லையே? பொறுங்கோ, நான் பாக்கிறன்."

அவன் பார்த்தான். அடுத்த வியாழக்கிழமை ஒரு வாகனத்தில் ஏசி வந்து இறங்கியது. கூடவே அதைப் பூட்டுகிற சுரேஸ் வந்தான். சுவரில் துளை போட்டான், யன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றையும் எதையோ பூசி அடைத்தான், றிமோட்டை அழுத்தினான்.

"ஐயா, இனி உள்ளுக்கை மீன் கொண்டந்து போட்டாலும் ரெண்டு கிழமைக்குப் பழுதாகாது."

"சத்தம் போடுமோ?" ஆழ்வாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது.

"அது சத்தம் போடாது. நீங்கள் உள்ளுக்கை நிண்டு கத்தினாலும் வெளியிலை கேக்காது. அப்பிடி அடைச்சு விட்டிருக்கிறன்."

உதயகலா கதவடியில் நின்று, புது வெள்ளைப் பெட்டியைப் பார்க்காமல் இவருடைய முகத்தைப் பார்த்தாள். அன்று பொழுதுபட இவர் கட்டிலைத் தூக்கினார்.

"ஏசிக் காத்து மூட்டுக்குக் கூடாதாம்," என்றார்.

அவள் "ஓம்" என்றாள். அந்த ஓமைக் கேட்டபோது, அவள் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று அவருக்குப் பட்டது.

தம்பிராசாவுக்கு இந்தக் கதை ஒரு நாளில் போய்ச் சேர்ந்தது. முதலில் அவிச்சல், இப்போது குளிர்! அவன் கடைக்கு வந்து, கயிற்றுக் கட்டுகளுக்குப் பின்னால் அவரைக் கூட்டிக்கொண்டு போய், கோயிலில் ஐயரிடம் கதைக்கிற குரலில் கதைத்தான்.

"அண்ணை, ஒரு சாமான் கிடக்கு. கொழும்பிலை இருந்து ஒருத்தன் கொண்டந்தவன். நீலக் குளிசை. நல்ல வேலையாம்."

"எனக்கேன் உது?"

"உங்களுக்கெண்டு நான் சொன்னனானே? ஆருக்கும் தேவைப்பட்டாக் குடுங்கோ."

ஆருக்கும் தேவைப்பட்டால் கொடுப்பதற்காக ஆழ்வாப்பிள்ளை அதைச் சேட்டுப் பையில், நெஞ்சுக் குளிசைப் போத்தலோடு சேர்த்து வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை விரதம். சனிக்கிழமை அவளுக்குத் தலையிடி. ஞாயிற்றுக்கிழமை சேட்டு தோய்க்கப் போயிற்று.

கிணற்றடியில் இருந்து உதயகலா வரும்போது ஒரு கையில் குளிசை, மற்றக் கையில் ஃபோன். கொழும்புத்துறையில் கலியாணம் கட்டியிருக்கிற தங்கை குணலட்சுமிக்கு ஒரு மருந்துக் கடையில் வேலை. உதயகலா அவளுக்குக் குளிசையைப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டிருக்கிறாள். தங்கையின் பதில் குரலாகவே வந்திருந்தது. அதை அவர் காதுக்கு முன்னால் பிடித்துப் போட்டாள்.

"அக்கா, இது ஆம்பிளையள் போடுற குளிசையெல்லே. ஆரின்ரை? அத்தான்ரையோ? ஐயோ அக்கா."

"ஆர் அவள்?" என்றாள் உதயகலா.

ஆழ்வாப்பிள்ளை வாயைத் திறந்தார். உண்மை நாக்கு நுனியில்தான் நின்றது. ஆனால் அதற்குள் மனம் ஒரு கேவலமான கணக்குப் பார்த்தது. இன்னொருத்தியை வைத்திருக்கிறார் என்றால் ஊர் ஏசும், சில பேர் கள்ளமாகச் சிரிப்பார்கள், ஒரு வருடத்தில் மறந்தும் போகும். மற்றது தெரிந்தால்? பெடியள் அதையும் நடித்துக் காட்டுவார்களே. எப்படி நடிப்பார்கள் என்பது கூட அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாயை மூடிக்கொண்டார். மூடியது மட்டுமில்லை, செய்யாத குற்றத்தைச் செய்தவர் போலத் தலையையும் குனிந்தார்.

மூன்று நாள் அவள் கதைக்கவில்லை. சோறு மூடி வைத்திருக்கும். தேத்தண்ணி ஆறிப்போய் இருக்கும். இல்லாத ஒருத்திக்காக அவள் அழுகிறாள் என்று தெரிந்துகொண்டே அவர் கடையில் கயிறு அளந்தார். அளந்ததையே திரும்பவும் அளந்தார்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது உதயகலா வெளிக்கிட்டு நின்றாள். கையில் பயணப் பை. தங்கை வீட்டுக்கு. எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம். அவள் கேற்றைத் திறக்க, பக்கத்து வளவு மகாதேவி மதிலுக்கு மேலால் தலையை நீட்டினாள். அந்த மனுசி தும்மினால் ஆலடி வரை கேட்கும்.

"உதயா, தூரப் பயணமே?"

உதயகலா பையைக் கேற்றடியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவருடைய கையைப் பிடித்து அறைக்குள் இழுத்தாள், கதவைச் சாத்தினாள், றிமோட்டைத் தேடி அழுத்தினாள். மகாதேவியின் குரல், றோட்டு, கடல் எல்லாம் ஒரேயடியாக நின்றுபோயின.

"இப்ப சொல்லுங்கோ. இஞ்சை நிண்டு கத்தினாலும் வெளியிலை கேக்காதெண்டு அந்தப் பெடியன் சொன்னவன். அவளின்ரை பேரை உங்கடை வாயாலை கேட்டிட்டுத்தான் நான் பஸ் ஏறுவன்."

ஏசி பதினாறில் நின்றது. ஆழ்வாப்பிள்ளைக்கு வேர்த்தது. கழுத்து, முதுகு, உள்ளங்கை எல்லாம். இரண்டு வருடத்தில் அந்த அறைக்குள் அவருக்கு உண்மையாகவே அவிந்தது அன்றைக்குத்தான்.

"ஒருத்தியும் இல்லை."

"பிறகேன் குளிசை?"

"தம்பிராசா தந்தவன். நான் போடேல்லை." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு ஏலாது."

"என்ன ஏலாது?"

"ஏலாது கலா. ரெண்டு வருசமா ஏலாது. அதுதான் கட்டிலைத் தூக்கினனான்."

அவள் கட்டில் நுனியில் இருந்தாள். பிறகு கேட்டதுதான் அவரை உண்மையாக அடித்தது.

"அப்ப என்னைக் கண்டு அருவருப்பு இல்லையோ?"

"உம்மைக் கண்டோ? ஏன்?"

"கர்ப்பப்பையை எடுத்தாப் பிறகு மனிசனுக்குப் பக்கத்திலை போகக்கூடாதாக்கும், அது உங்களுக்குத் தெரிஞ்சுதான் வெளியிலை படுக்கிறியளாக்கும் எண்டு நினைச்சன். என்னிலை இருந்து உங்களுக்கு ஏதும் வந்திடுமோ எண்டும் நினைச்சன். இதை நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

அந்த இரண்டு வருடத்தில் அவர் பட்ட வெட்கம் எல்லாம் சேர்ந்தாலும் இதற்குப் பக்கத்தில் வராது. தன் மானத்தைக் காப்பாற்றத் தூக்கிய கட்டில், ஒவ்வொரு நாளும் இவளுடைய மானத்தின் மேல் கால் ஊன்றி நின்றிருக்கிறது. பக்கத்தில் இருக்கவும் துணிவில்லாமல் நிலத்தில் இருந்தார். அவள்தான் துவாயை எடுத்து நீட்டினாள். இந்த முறை கழுத்தையல்ல, கண்ணைத் துடைத்தார்.

கதவைத் திறந்தபோது மகாதேவியின் தலை மதிலில் அப்படியே இருந்தது.

"பஸ் போயிட்டுது உதயா."

"போகட்டும் அக்கா," என்றாள் உதயகலா.

அடுத்த கிளினிக்குக்கு இரண்டு பேரும் போனார்கள். பதினொரு வருடமாக அதே வாங்கில் கிளினிக் கொப்பியோடு குந்தியிருந்து, "வேறை ஏதும் பிரச்சினை இருக்கோ?" என்றால், "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு வந்தவர். அன்று இருந்தது டொக்டர் ஜெயனி என்ற பெண். மகனை விட ஒரு வயது கூட இருக்கலாம். ஆழ்வாப்பிள்ளைக்கு எழும்பி ஓடலாம் போல இருந்தது.

"சொல்லுங்கோ ஐயா."

"கால் விறைக்குது டொக்டர்."

உதயகலா மேசைக்குக் கீழே தொடையில் கிள்ளினாள்.

"வேறை?"

"நான் வெளியிலை நிக்கிறன். இவ சொல்லுவா."

"இருங்கோ." டொக்டர் பேனையை வைத்தாள். பிரஷர் எவ்வளவு என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள். "குடும்ப வாழ்க்கையிலை ஏலாமல் இருக்கோ?"

அவர் தலை மட்டும் ஆடியது.

"சீனி உள்ள ஆம்பிளையளிலை பாதிப்பேர் மட்டிலை உதோடைதான் இருக்கினம். வாய் திறந்து கேக்கிறவை குறைவு. சீனி நரம்பையும் ரத்தக் குழாயையும் பழுதாக்கும், அதாலை வாறது. உங்கடை ஆம்பிளைத்தனத்திலை ஒரு பிழையும் இல்லை. நெஞ்சுக்கும் இது ஒரு எச்சரிக்கைதான், அதையும் பாப்பம். வெளியிலை ஏதும் வாங்கிப் போட்டனீங்களோ?"

உதயகலா கைப்பையிலிருந்து நீலக் குளிசையை எடுத்து வைத்தாள். டொக்டர் அதைப் பார்த்தாள், பிறகு கொப்பியில் நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையின் பேரைப் பார்த்தாள்.

"ஐயா, நீங்கள் இது ரெண்டையும் சேர்த்துப் போட்டிருந்தால் பிரஷர் அப்பிடியே விழுந்திருக்கும். ஆளே போயிருப்பியள். உங்களுக்கு இந்த நீலக் குளிசை வேண்டாம். வேறை வழியள் இருக்கு. முதல் சீனியைக் குறைப்பம், பிறகு அதுக்கெண்டு இருக்கிற டொக்டரிட்டை அனுப்புறன்."

ஆழ்வாப்பிள்ளை சேட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு நாள் அந்தக் குளிசையும் போத்தலும் அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

உதயகலா மெதுவாகத் தன்னுடையதைக் கேட்டாள். காயம் ஆறிய பிறகு ஒரு தடையும் இல்லை, அவளில் இருந்து அவருக்கு ஒன்றும் வராது, வறட்சியாக இருந்தால் அதற்குப் பூசுகிற மருந்து இருக்கிறது, நோவோ இரத்தமோ வந்தால் மட்டும் உடனே வரவேண்டும் என்றாள் டொக்டர். மூன்று நிமிடம் ஆகவில்லை. இரண்டு வருடம், மூன்று நிமிடம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். ஆனால் பை இரண்டு பேர் மடியிலும் கிடந்தது.

எல்லாம் ஒரு மாதத்தில் சரியாகிவிடவில்லை. சீனி கொஞ்சம் இறங்கியது, மற்றது இன்னும் பார்க்கிறார்கள். சாக்குக் கட்டில் மட்டும் கடைக்கு வந்துவிட்டது, வருகிறவர்கள் இருக்க. அதில் முதலில் காலை நீட்டிச் சாய்ந்தவன் தம்பிராசாதான். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவன் துவாயை எடுத்துக் கழுத்தைத் துடைத்து, கூரையைப் பார்த்து, ஆழ்வாப்பிள்ளையின் குரலிலேயே கேட்டான்.

"என்ன அண்ணை, உள்ளுக்கை இப்ப அவிச்சல் இல்லையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆழ்வாப்பிள்ளை சிரிக்கவில்லை. காது இரண்டும் சிவந்துபோயின. தங்கூசிச் சுருளில் இருந்து கண்ணை எடுக்காமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"அவிச்சல் ஒருநாளும் இருக்கேல்லை தம்பிராசா. எனக்குச் சீனி, அதாலை ஏலாமப் போச்சு, வெட்கத்திலை ரெண்டு வருசம் வெளியிலை கிடந்து என்ரை மனிசியை அழ வைச்சனான். நீ தந்த குளிசையை நான் போட்டிருந்தால் செத்திருப்பன், நீ இண்டைக்கு என்ரை அந்தியேட்டிக்கு வடை சாப்பிட்டிருப்பாய். அது சரி, உன்ரை கட்டிலும் போன மாசம் தொடக்கம் விறாந்தையிலை கிடக்குதெண்டு மகாதேவி சொன்னவ, வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போகேக்கை உனக்கும் ஒரு நம்பர் எடுக்கட்டோ?"