சரிவில் நிற்காத வெர்னா

அமெரிக்காவில் இடாஹோ மலைக்காட்டு முகாமுக்கு நான் பொறுப்பாளராக இருந்த கோடையில், ஹோவ்லண்ட் தம்பதி வண்டிக்குப் பின்னால் வீட்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். மனைவி வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். கணவர் ஓரினுக்குப் பக்கவாதம் வந்து தேறியதிலிருந்து, தரை கொஞ்சம் சாய்ந்தாலும் தலை சுற்றும். வீட்டுப் படிக்கட்டில் அவர் ஒருமுறை உருண்டு விழுந்தார். வெர்னா வீட்டையே விற்றுவிட்டாள். அன்றிலிருந்து முகாம் முகாமாக ஓட்டம். எங்கும் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

அன்று காலியாக இருந்தது ஆற்றோர இடம் மட்டும்தான். ஆற்றைப் பார்த்தும் சரிவு, இடப்பக்கமும் சரிவு.

"இது என்னங்க, தங்குற இடமா, சறுக்கு மரமா?" என்றாள் என்னிடம்.

"முன்னாடியே சொல்லி வச்சிருந்தா சமதரை கொடுத்திருப்பேன்."

"நாளைக்கு எங்க இருப்பேன்னு எனக்கே தெரியாது. எப்படி முன்னாடியே சொல்றது?"

இடப்பக்கச் சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்து வண்டியை ஏற்றினாள். இறங்கி, சமம் காட்டும் ரசமட்டத்தைப் பார்த்தாள். குமிழி ஓரத்தில் நின்றது. இன்னொரு பலகை. மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம். வெயிலில் உட்கார்ந்திருந்த ஓரினுக்குத் தலை கிறுகிறுத்தது. படுக்கலாம் என்று டிரெய்லருக்குள் போனார். மலைக்குப் பின்னால் மேகம் கறுத்தது. வெர்னா இன்னும் அவசரப்பட்டாள்.

"சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாச்சா?" என்று கத்தினேன்.

அதற்குள் அவள் முன்பக்க ஜாக்கியைச் சுற்றி, டிரெய்லரை வண்டியோடு பிணைத்த கொக்கியைக் கழற்றியிருந்தாள். டிரெய்லர் பலகையிலிருந்து நழுவி ஆற்றை நோக்கி உருண்டது. அவள் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு இழுபட்டாள். அவ்வளவு எடையை யாரால் பிடிக்க முடியும்? விறகுக் குவியலிலிருந்து ஒரு பெரிய கட்டையைப் புரட்டிச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினேன். டிரெய்லர் குலுங்கி நின்றது. ஜாக்கி வளைந்து போயிருந்தது.

கதவு திறந்தது. ஓரின் கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"வெர்னா, பஸ் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போச்சு!"

அவள் சிரிக்கவில்லை. மண்ணில் அப்படியே உட்கார்ந்தாள். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தன.

"உன்னை ஆத்துல தள்ளப் பார்த்தேனே, ஓரின்."

"நான் எங்க இருந்தாலும் ஒரு நாள் விழுவேன்டி. அதுக்காக ஊர் ஊரா ஓடுவியா? கொஞ்சம் உட்காரேன்."

"உட்கார்ந்தா நீ படியில கிடந்ததுதான் கண்ணு முன்னாடி வருது."

அவர் மெல்ல இறங்கி அவளருகே சரிவிலேயே உட்கார்ந்தார்.

புது ஜாக்கி நகரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. அதுவரை அவர்களை நான் தங்கும் அறைக்கு முன்னால் இருந்த சமதரைக்கு மாற்றினேன். வெர்னாவால் சும்மா இருக்க முடியவில்லை. புதிதாக வந்த ஒவ்வொரு வண்டிக்கும் கேட்காமலே போய், "முதல்ல பக்கவாட்டை சமம் பண்ணுங்க. கட்டை கொடுக்காம கொக்கியைத் தொடாதீங்க" என்று அதட்டினாள். சிலர் முகம் சுளித்தார்கள். ஒருவர் அவளுக்குப் பொரித்த மீன் கொடுத்தார்.

ஜாக்கியைப் பொருத்திய அன்றே கிளம்ப வேண்டும் என்றாள். ஆனால் ஓரினைப் பார்த்துக் கேட்டாள்:

"எங்க போகலாம்? நீ சொல்லு."

ஓரினுக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும்.

"ஸ்போகேன் நகரத்துல என் தம்பி வீட்டுக்கு. முற்றம் பூரா சிமென்ட், சரிவே கிடையாது."

"அவன் மனைவி வாய் ஓயாம பேசுவாளே."

"பேசட்டும். உனக்கும் ஆள் வேணும்ல?"

இலையுதிர் காலத்தில் ஓரின் தொலைபேசியில் அழைத்தார். இன்னும் தம்பி வீட்டில்தானாம். வெர்னா எங்கே என்று கேட்டேன்.

"வெளியே, முற்றத்துல. நேத்தும் கிளம்பலாம்னு சொன்னா. இன்னைக்கும் சொல்றா. ஆனா கொக்கியை இன்னும் மாட்டல," என்றார்.