நீலக் கல் பஸ் ஏறிய நாள்

நான் வேலை பார்க்கிற அறையில் காலையில் யாரும் ஃபேன் போட மாட்டார்கள். திருவனந்தபுரத்து வேர்வை, பணகுடிக் காற்றில் வளர்ந்த உடம்புக்கு லேசில் ஒத்துவராது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் போட மாட்டார்கள். கதவைச் சத்தம் வராமல் சாத்துவார்கள். மூலையில் ஒரு பழைய மர அலமாரி இருக்கிறது. அதன் பக்கம் வரும்போது பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட மெதுவாகத்தான் நடப்பார்கள், தொட்டிலில் பிள்ளை தூங்குகிற வீடு மாதிரி. அலமாரிக்குள் இருப்பது சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்கள். ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளித்தாள், அதில் ஊசித் துளை. உள்ளே நீலம், பச்சை, ஊதா, ரோஸ் என்று தண்ணீர் மாதிரி ஒரு திரவம். அந்தத் துளை வழியாக அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, அடியில் கல் விளைய வேண்டும். அசைந்தால் கல் வராது, வெறும் பொடிதான் வரும். கோழி முட்டை இட்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல, தினமும் காலையில் போனதும் நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்த அலமாரியைத்தான்.

தர்ஷினி, முத்து, இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். உங்களைப் போல அப்பாவைக் கேரளத்துக்கு அனுப்பிவிட்டு இருக்கிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டதற்கு, பாட்டில் கழுவுகிறார் என்று முத்து சொன்னானாம். சரிதான், கழுவுகிறேன். ஆனால் என்ன பாட்டில் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா? இன்னொன்று, போன மாதம் தர்ஷினி என்னை ஒரு கேள்வி கேட்டாள். சனிக்கிழமை அங்கே நீங்கள் தங்குகிற ஆரியசாலை அறையிலிருந்து கிளம்பும்போதும் போனில் ‘ஊருக்குப் போறேன்’ என்கிறீர்கள், திங்கட்கிழமை விடியற்காலையில் நம் வீட்டிலிருந்து கிளம்பும்போதும் ‘ஊருக்குப் போறேன்’ என்கிறீர்கள், எதுப்பா உங்க ஊரு? அன்றைக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று தப்பித்துக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் இங்கே சாலை என்கிற கடைவீதியில் ஒரு இரும்புக் கடையில் லோடு இறக்கினேன். கம்பி, தகடு, பித்தளைக் குழாய், செம்புக் கம்பிச் சுருள். அங்கே எல்லாமே சத்தம். தகட்டைப் போட்டால் தெருவே அதிரும். பேசுவதென்றால் கத்த வேண்டும், அதிலும் பாதி தமிழ், பாதி மலையாளம். செம்பு என்றால் எனக்கு முதுகில் ஏறுகிற கனம், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறைக்குக் காண்டிராக்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தவர் சொல்லித்தான் இங்கே வந்தேன். வந்த புதிதில் ஒரு பாட்டிலில் கடும் நீலத்தைப் பார்த்து, என்ன சாயம் என்று கேட்டேன். சாயம் இல்லை, செம்பு என்றார்கள். என்னைக் கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தேன். அப்புறம் மெல்ல மெல்லப் புரிந்தது. இந்தக் குழுவின் வேலையே அதுதான். நடுவில் ஒரு உலோக அணு. அதைச் சுற்றி வேறு அணுக்கள் கை கொடுத்து நிற்கும். கை கொடுக்கிறவர்கள் மாறினால் உலோகத்தின் நிறம் மாறும், குணமும் மாறும். அதே செம்புதான், ஒரு கூட்டத்தோடு சேர்ந்தால் பச்சை, இன்னொரு கூட்டத்தோடு சேர்ந்தால் நீலம். நான் முதுகில் சுமந்தபோது இது ஒன்றும் எனக்குத் தெரியாது பாருங்கள்.

அங்கே ஆராய்ச்சி செய்கிற பெண் அஞ்சனா. நெய்யாற்றின்கரைப் பக்கம். என்னை அண்ணா என்பாள். அவளுடைய வழிகாட்டி பெரிய பேராசிரியை, ஆனால் இங்கே அவரையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். உங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சரைக் கூப்பிடுகிற மாதிரியே. அஞ்சனா செம்பை வைத்து ஒரு புதுப் பொருள் செய்திருந்தாள். அதில் யார் யார் செம்புக்குக் கை கொடுத்து நிற்கிறார்கள் என்று படம் எடுத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அவள் சொல்வது வெறும் ஊகம், ஆராய்ச்சிப் புத்தகத்தை முடிக்க முடியாது. படம் எடுக்க எக்ஸ்ரே. நம் ஆஸ்பத்திரியில் இருக்கிறதே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு மெஷின். ஆனால் அது பொடியைப் பார்த்து இந்தப் படம் எடுக்காது. பள்ளிக்கூடத்தில் அசெம்பிளிக்கு வரிசையாக நிற்கிறீர்களே, அப்படி உள்ளே எல்லாரும் வரிசையாக நிற்கிற ஒற்றைக் கல் வேண்டும். பொடி என்பது இடைவேளை மணி அடித்த மைதானம்.

அவள் வைத்த பாட்டில்களில் எல்லாம் பொடிதான் வந்தது. மாதக்கணக்காக. அவளுக்குக் கொடுத்திருந்த காலமும் முடியப் போகிறது. ஒருநாள் காலையில் நான் வழக்கம்போலக் குனிந்து பார்த்தேன். ஒரு பாட்டிலின் அடியில், கடுகில் பாதி இருக்கும், கறுத்த நீலத்தில் ஒரு கல் மின்னியது. விளிம்பெல்லாம் வெட்டி வைத்தது மாதிரி. நான் தொடவில்லை. வராந்தாவில் போய் நின்றேன். அவள் வருவது தெரிந்ததும் ஓடிப் போய்க் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் மெஷின் ரிப்பேரில் இருந்தது. பொன்முடி போகிற பாதையில் மலையடிவாரத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே அன்றைக்கு மத்தியானம் மட்டும் நேரம் கிடைத்தது. அஞ்சனாவின் ஸ்கூட்டரில் போனால் குலுங்கும். அதனால் பஸ். அவள் கம்ப்யூட்டர் பையைப் பிடிக்க வேண்டும், நான் கல்லைப் பிடிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். கல் தன்னுடைய நீலத் தண்ணீரிலேயே கிடந்தது. அந்தத் தண்ணீர் வற்றினால் சில நிமிடத்தில் கல் மங்கி நொறுங்கிவிடுமாம். மூடியை இறுக்கி, துண்டில் சுற்றி, இரண்டு கையாலும் மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் நிறையக் கல்லாற்றில் குளிக்கப் போகிற பையன்கள், ஒரே பாட்டு. பக்கத்தில் ஒரு சேச்சி, பாட்டி வயது இருக்கும், என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“மருந்தாணோ?”

எனக்கு அதை மலையாளத்தில் விளக்கத் தெரியவில்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டிவைத்தேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். யாருக்கு என்று கேட்டார். நான் முன்சீட்டில் இருந்த அஞ்சனாவைக் காட்டினேன், அவளுடையது என்ற அர்த்தத்தில். சேச்சி அவளை இரக்கத்தோடு பார்த்தார், பாவம் இந்த வயதில் என்று. பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டு, மெல்லப் போகச் சொல்லு என்று அதட்டினார். பையன்களின் பாட்டையும் நிறுத்திவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது.

நெடுமங்காடு தாண்டினதும் என் உள்ளங்கை சில்லென்றது. ஸ்பிரிட் தடவினால் குளிருமே, அப்படி. துண்டைப் பிரித்தால் நீலம். மூடிக்குள் இருந்த ரப்பர் அந்தத் திரவத்தில் ஊறி நெகிழ்ந்துவிட்டிருந்தது. பாட்டிலின் அடியில் ஈரம் மட்டும்தான் மிச்சம், அதன் ஓரத்தில் கல். அஞ்சனா என்று கத்தினேன். நான் எழுவதற்குள் சேச்சி எழுந்து மணிக்கயிற்றை இழுத்தார். பஸ் ஒரு முக்கில் நின்றது. இறங்கியதும் அஞ்சனா முதலில் கல்லைப் பார்க்கவில்லை. தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் ஊற்றி, “நல்லா கழுகு அண்ணா, அது விஷமாணு” என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அந்த நேரத்திலும் என் கையைத்தான் கழுவினாள். அதற்குப் பிறகுதான் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எண்ணெய் வேண்டும், கெட்டியான எண்ணெய், கல்லை மூடிவிட்டால் காயாது என்றாள். எதிரே பெட்டிக்கடையில் தேங்காய் எண்ணெய் தொங்கியது. அது போதாது, இன்னும் கெட்டி வேண்டும், வண்டிக்கு ஊற்றுகிற கியர் ஆயில் என்றாள். மெஷின் அறைகளில் கல்லைப் பிடிக்க அந்த ஜாதி எண்ணெய்தானாம்.

ரோட்டோரம் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப். ஓடினேன். என் மலையாளத்தை ஒரு வார்த்தை கேட்டதுமே மெக்கானிக் தமிழுக்கு மாறிவிட்டான். சங்கரன்கோவில்காரன்.

“எந்த வண்டிக்கு அண்ணாச்சி?”

“வண்டிக்கு இல்ல தம்பி. ஒரு சின்னக் கல்லுக்கு. புது ஆயிலா வேணும், ஒரு மூடி போதும்.”

“கல்லு ஓடுமா?”

“இன்னைக்கு ஓடணும்.”

கழுவியும் நீலம் போகாத என் கையை அவன் பார்த்தான். புது டின்னை உடைத்து ஒரு மூடியில் ஊற்றிக்கொண்டு என்கூடவே ஓடிவந்தான். அஞ்சனா பாட்டிலைச் சாய்த்து எண்ணெயை உள்ளே விட்டாள். தேன் மாதிரி இறங்கி, கல்லின் மேல் ஏறி, மூடிக்கொண்டது. பஸ் போய்விட்டது. மெக்கானிக்தான் ஒரு ஆட்டோவை மறித்து எங்களை ஏற்றிவிட்டான், குழியில் விடாதே என்று டிரைவரிடம் சொல்லி.

மெஷின் அறைக்குள் என்னை விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அவர்கள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், மறுபடி குனிந்தார்கள். பெரிய திரையில் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு புள்ளி, பிறகு நூறு புள்ளி, மார்கழி வாசலில் கோலத்துக்கு வைத்த மாதிரி வரிசை வரிசையாக. அஞ்சனா திரும்பிக் கதவு வழியாக என்னைப் பார்த்தாள். அவள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை. நான் அங்கேயே நின்று, இரும்புக் கடையில் கத்துகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டேன். காவலாளி ஓடிவந்தார்.

அடுத்த வாரம் டீச்சர் என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். கம்ப்யூட்டரில் படம். நடுவில் செம்பு, சுற்றிலும் கை கொடுத்தவர்கள், அஞ்சனா ஊகித்தபடியே. ஆனால் ஓரத்து இடைவெளியில், யாரோடும் சேராமல், குட்டியாக இரண்டு இருந்தன. மற்றதெல்லாம் பளிச்சென்று இருக்க, இவை இரண்டும் கொஞ்சம் மங்கல். அது யார் என்று பக்கத்தில் நின்ற அஞ்சனாவிடம் கேட்டேன்.

“அது அந்த லிக்விடில இருந்து வந்நது அண்ணா. காப்பரோட கை பிடிக்கல. சும்மா இடையில இருக்கு.”

அப்படியானால் அது தேவையில்லையா என்றேன்.

“அது போயால் கல்லு பொடியும். அன்னைக்கு எண்ணெய் ஊத்தினது பின்னெ எதுக்கு?”

சரி, எதற்கு இரண்டு என்று கேட்டேன். இரண்டு இல்லையாம், ஒன்றுதானாம். கல்லுக்குள் இதே மாதிரி வீடு கோடி கோடியாக அடுக்கியிருக்கிறது. பாதி வீடுகளில் அது இந்தப் பக்கச் சுவரோரம் இருக்கிறது, மீதி வீடுகளில் அந்தப் பக்கம். எல்லாவற்றையும் சேர்த்து எடுத்த படத்தில் இரண்டு இடத்திலும் பாதிப் பாதியாகத் தெரிகிறது. அஞ்சனா விரலை வைத்துக் காட்டினாள். பாதி இவிடே, பாதி அவிடே.

படத்தை இரண்டு பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னேன். ஒன்றை ஆரியசாலை அறையில் என் பாய்க்கு மேலே ஒட்டியிருக்கிறேன். இன்னொன்று பையில் இருக்கிறது, சனிக்கிழமை கொண்டுவருகிறேன். நிலைக்கதவில் நீயே ஒட்டு, தர்ஷினி. ஓரத்தில் மங்கலாக இருக்கிற அந்தக் குட்டியைத் தேடிக் கண்டுபிடி. அதற்குச் சரியான இடம் எது என்று நான் அஞ்சனாவிடம் கேட்டுவிட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

“ரண்டும்தான் அண்ணா” என்றாள்.