லூர்தம்மா சொன்ன ‘நாடு’

லூர்தம்மா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் யட்டவத்தைச் சந்தையில் நின்றிருந்தேன். என்னிடம் படித்த அவருடைய மகன் ரவி கட்டாரிலிருந்து அழைத்தான். “சேர், அம்மா போயிட்டாங்க. என்னால வர ஏலாது. நீங்க போய் நில்லுங்க.” ஆட்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லாமல் அங்கேயே அழுதுவிட்டேன்.

எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவரோடு கொழுந்தெடுத்தவர்களே, அக்காவின் வாய் உங்களுக்குத் தெரியும். “கொழுந்து கிள்ளத்தான் வந்தேன், ஒங்க பேச்சக் கேக்க வரல” என்று கங்காணியையே விரட்டியவர். நம் தோட்டங்களில் ‘நாடு’ என்றால் பக்கத்துச் சிங்களக் கிராமம் என்பதும் உங்களுக்குத் தெரியும். கடைக்கு நாட்டுக்குப் போகிறோம். நாட்டு ஆள் பலாக்காய் கொண்டுவந்து விற்கிறார். அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் நடந்த ஜனாதிபதித் தேர்தல் முடிவைத் தோற்றவர்கள் ஏற்கவில்லை. கள்ள வாக்கு என்று இரண்டு பக்கமும் கத்தின. இனிச் சேர்ந்து வாழ முடியாது, தனிநாடுதான் வழி என்று முகநூலில் சிலர் முழங்கினார்கள். தோட்டத்து வாக்குதான் தங்கள் ஆளைக் கவிழ்த்தது என்று கீழ்க் கிராமத்தில் சிலர் நம் ஆட்களை ஏசினார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவன் கைபேசியை நீட்டி அக்காவிடம் கருத்துக் கேட்டான்.

“தெனம் ஏச்சு வாங்கிக்கிட்டு நாட்டோட இருக்க ஏலாதுங்க. எங்களத் தனியாப் பிரிச்சு விட்டுருங்க.”

அரசு நிர்வாகத்தில் தோட்டமும் கிராமமும் ஒரே கிராம சேவகர் பிரிவு. தோட்டத்துக்குத் தனிப் பிரிவு கேட்டார் அக்கா. வீடியோவின் கீழே சிங்களத்தில் வந்ததோ, ‘எங்களை இந்த நாட்டிலிருந்து பிரித்துவிடுங்கள்’. பாவிகள்!

பொலிஸ் விசாரணைக்குக் கூப்பிட்டது. நானும் போனேன். “தனிநாடு வேணுமா?” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டதும் அக்கா பதறினார். “ஐயோ, நாட்டுக்குத் தெனமும் போய்த்தானேங்க பாண் வாங்குறேன்!” நான் சிங்களத்தில் விளக்கியதும் அதிகாரி சிரித்துவிட்டு அனுப்பிவைத்தார். ஆனால் அந்த விளக்கத்தை யாரும் வீடியோ எடுக்கவில்லையே.

சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் ரவிக்கு வேலை. அம்மா வீடியோவில் மன்னிப்புக் கேட்டால் மட்டும் வேலைக்கு வா என்றுவிட்டார்கள். அக்கா என்னிடம் சண்டைக்கு வந்தார். “மன்னிப்புக் கேட்டா, நான் தனிநாடு கேட்டது உண்மைனு ஆயிரும்ல சேர்?” ரவியின் மனைவி அப்போது கர்ப்பிணி. அவன் அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. லயத்து வீட்டு வாசலில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அக்கா இறங்கிவந்தார். நான் சொல்லிக்கொடுத்த சிங்களத்தில், கைகூப்பி மன்னிப்புக் கேட்டார்.

அன்று மாலையே அந்த வீடியோ ‘குற்றத்தை ஒப்புக்கொண்டாள்’ என்று ஊரெல்லாம் பரவியது. ஹோட்டல் கதவு திறக்கவில்லை. ரவி கடல் கடந்தான். பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு என்ன பெயர் என்று சிரித்துக் கேட்ட கிராமத்துக் கடைக்காரி சோமாவதி, அதன் பிறகு அக்காவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடக்கம் முடிந்ததும் ரவி மறுபடி அழைத்தான். “நாட்டு ஆளுங்க யாராச்சும் வந்தாங்களா சேர்?”

“இல்லடா” என்றேன்.

எனக்கென்று அக்கா விட்டுப்போனது ஒரு கேள்விதான். அந்த மன்னிப்பு வீடியோ பரவிய மாலையில், என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“நான் எதுக்குச் சேர் மன்னிப்புக் கேட்டேன்?”