எந்தத் தானியம் உயரம்

எண்பதுகளில் பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் எங்கள் காய்கறித் தோட்டம் ஒரு சரிவில் இருந்தது. முந்தைய தீபாவளி மழை மேல்மண்ணை வழித்துக்கொண்டு போயிருந்தது. இன்னொரு மழை அப்படிப் பெய்தால் கத்தரி நட மண்ணே மிஞ்சாது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மருமகன் மூன்று பொட்டலம் விதை கொடுத்தார். பார்லி, ஓட்ஸ், அப்புறம் ரை என்று நான் கேள்விப்படாத ஒன்று.

"நல்லா உயரமா வளர்றதா, உறைபனியத் தாங்குறதா பாத்து ஒண்ண விதைங்க மாமா. வேரு மண்ணப் புடிச்சுக்கும். கதிர் விடுறதுக்கு முன்னால மண்ணோட கொத்தி விட்டுட்டா அதுவே உரம்."

ஆறாவதோடு பள்ளியை விட்டவன் நான், தலையாட்டி வைத்தேன். பினாங்கில் உறைபனிக்கு எங்கே போவது என்ற கேள்வி அவர் விமானம் ஏறிய பிறகுதான் வந்தது.

"பனிய விடுங்க, உயரத்தப் பாப்போம்" என்றாள் மனைவி. மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவதுபோல மூன்று சட்டிகளில் விதைத்து, இருட்டு அறையில் கூடை கவிழ்த்துத் தண்ணீர் தெளித்தாள். ரை மற்ற இரண்டையும் மிஞ்சி மஞ்சளாக நீண்டு நின்றது.

"இதான் ராஜா!"

"மஞ்சளா இருக்கே?"

"முளைப்பாரி பின்ன எப்படி இருக்கும்? கவலப்படவே பொறந்திருக்கீங்க லா!"

சரிவின் மேல்பாதியில் களையெடுத்து ரையை விதைத்தோம். கீழ்ப்பாதிக்கும் அதுவா, பார்லியா? முடிவெடுக்க முடியாமல் களையைக்கூட எடுக்காமல் விட்டுவைத்தேன்.

வெயிலில் ரை விரல் உயரம் வந்து நுனி கருகிப் படுத்துவிட்டது. சூடு ஒத்துக்கொள்ளவில்லையா? பனி இல்லாத கோபமா? இருட்டில் வெளிச்சத்தைத் தேடி நீண்டதைத்தான் உயரம் என்று எண்ணிவிட்டோமா? ஒன்றும் விளங்கவில்லை.

மழை வந்தது. மேல்பாதி மண் கரைந்து இறங்கியது. கீழ்ப்பாதியில் முழங்கால் உயரக் களை அந்த மண்ணையெல்லாம் தடுத்து நிறுத்தியிருந்தது. அந்த வண்டலில்தான் கத்தரி நட்டோம்.

மருமகன் தொலைபேசியில் கேட்டார்: "எது மாமா மண்ணப் புடிச்சுச்சு?"

நான் மனைவியைப் பார்த்தேன். "புல்லுன்னு சொல்லுங்க" என்றாள்.

"புல்லுதான் தம்பி."

"எந்தப் புல்லு?"

அதன் பெயரும் எனக்குத் தெரியவில்லை.