பூட்டு யார் பெயரில்?

செடெனாக்கில் எங்கள் தொழிற்சாலையின் சரக்கு இருப்புப் பட்டியலைத் திருத்தும் கணினிக் கட்டளை அன்று பாதியிலேயே நின்றுவிட்டது. பிழைச் செய்தியும் இல்லை. சிங்கப்பூரில் வேலை கிடைத்து அன்றோடு விலகும் சக ஊழியர் தேவிமேல்தான் எனக்குச் சந்தேகம். மேலாளரிடம் சொல்லி கணினியிலும் அலுவலகத்திலும் அவளுக்கிருந்த அனுமதிகளை எல்லாம் முடக்க வைத்தேன். கட்டளை அப்போதும் அசையவில்லை.

தேவியே என் மேசைக்கு வந்தாள். "அண்ணே, சிஸ்டத்துல அந்த ஸ்டாக் டேபிளை யாரு லாக் பண்ணி வச்சிருக்காங்கன்னு பாத்தீங்களா?"

பார்த்தேன். பட்டியலின் பூட்டு என் பெயரில். முந்தின நாள் நான் தொடங்கிய ஒரு திருத்தத்தை முடிக்காமலே விட்டிருந்தேன்; அது முடியும்வரை வேறு எதுவும் அந்தப் பட்டியலைத் தொட முடியாது. அதை முடித்ததும் கட்டளை ஓடியது.

"பரவால்ல லா, எல்லாருக்கும் நடக்கும்," என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல் கதவு அவள் நுழைவு அட்டைக்குத் திறக்கவில்லை.

"கதவும் கெட்டுப்போச்சா, அண்ணே?"

என் அட்டையைக் காட்டித் திறந்துவிட்டேன். கதவு கெட்டுப்போகவில்லை என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.