மர ரோலர் கோஸ்டருக்கு எலுமிச்சம்பழம்

இன்று காலை கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் பக்கத்து சீட்காரர், மூடிக் கிடக்கும் பொழுதுபோக்குப் பூங்காவின் வாட்ச்மேன். கையில் எலுமிச்சம்பழப் பை.

"அந்த மர ரோலர் கோஸ்டர இன்னா பண்ணப் போறாங்க?" என்றேன்.

"யாருக்குத் தெரியும் சார்? ஓட்டவும் மாட்றாங்க, பிரிக்கவும் மாட்றாங்க. இரும்பா இருந்தா இந்நேரம் இங்க மில்லுல உருக்கியிருப்பாங்க. மரமாச்சே, பொழச்சிக்கினு கீது."

"பழம் எதுக்கு?"

"வெள்ளிக்கிழமையாச்சே. சக்கரத்துக்கு அடியில வெப்பேன்."

"ஓடாத வண்டி. எப்படி நசுங்கும்?"

"நசுங்காது. காய்ஞ்சத எடுத்துட்டு புச்சு வெப்பேன். ஓடாதுன்னு நானே முடிவு பண்ணிட்டா, எனக்கு அங்க இன்னா வேலை?"

எங்கள் கம்பெனியிலும் ஒரு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள் என்றேன்.

அவர் இறங்கும்போது ஒரு பழத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

எந்த மெஷினுக்கு அடியில் வைக்கலாம், சொல்லுங்கள்.